ஷீட் மெஷினுக்கு ஒரு சிப்

ஆரியங்கோட்டில் காலையிலிருந்து மழை விடவில்லை. ரப்பர் ஷீட் உலர்த்தும் மெஷினின் சிப் கெட்டு மூன்று நாளாகிறது. கம்பியில் தொங்கும் ஷீட்டுகளில் வெள்ளைப் பூசணம் படர்கிறது. பழைய காகிதத்தில் அச்சாகியிருந்த அந்தச் சிப்பின் நிரலை, ரப்பர்பால் வெட்டும் பின்சி வரிவரியாக லேப்டாப்பில் தட்டிவிட்டாள். அதைச் சிப்புக்கான எண்களாக மாற்றும் அசெம்பிளரோ நாற்பது வருடத்துக்கு முந்தைய பிராசஸரில் மட்டுமே ஓடும். அந்தப் பிராசஸரைப் போல இப்போது லேப்டாப் நடிக்கிறது; அவள் எழுதிய ஸ்கிரிப்ட் அதற்குக் கட்டளைகளை ஒவ்வொன்றாக ஊட்டுகிறது. ஓர் எண் பிசகினாலும் சூடு எகிறி ஷீட்டோடு கூரையும் எரியும்.

"இது எத்தனாவது தடவையாக்கும் மக்கா? கோழியானா இதுக்குள்ள குஞ்சு பொரிச்சிருக்கும்," என்கிறார் மெஷின்காரர் சுந்தரதாஸ், ஒரு ஷீட்டைத் துடைத்துக்கொண்டே.

"கோழிக்குச் சூடு தெரியும் மாமா. இதுக்கு நான்தான் சொல்லிக் குடுக்கணும்."

பச்சை எழுத்துகள் ஓடி நிற்கின்றன. எண்கள் பிசகவில்லை என்று சரிபார்க்க, அவற்றையெல்லாம் கூட்டித் திரையில் கடைசியாக விழுந்த கூட்டுத்தொகையும் காகிதத்தின் அடியில் அச்சிட்டிருப்பதும் ஒன்றே. சுந்தரதாஸ் துணியை எறிந்துவிட்டுப் புதுச் சிப்பை நீட்டுகிறார். ரப்பர்பால் காய்ந்து கறுத்த விரலால் பின்சி, அசெம்பிளர் தந்த கோப்புகள் அத்தனையையும் அழிக்கிறாள்.

"அய்யோ மக்கா, என்னத்துக்கு அழிச்ச?"

"முந்தின தடவைகளுக்க மிச்சம் எதாவது இதுல கலந்திருந்தா? ஒண்ணுமில்லாமத் தொடங்கியும் இதே வரணும் மாமா. அதுவர சிப்பு ஒங்க கையில இருக்கட்டு."