மாவில் ஒரு குழி

“ஈஸ்ட் கடைசியிலதான். மாவு நடுவுல சின்னதா ஒரு குழி பண்ணி அதுல போடுங்க. இப்பவே தண்ணியில படக் கூடாது.”

மனைவி சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னாள். எழுந்து வந்து ஒரு கை கொடுக்கவில்லை. நாற்பது வருஷமாக அவரை அடுப்படிப் பக்கமே அண்டவிடாதவள், இப்போது பிடிவாதமாக அவரை வேலை வாங்கிக்கொண்டிருந்தாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பதினெட்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில் மோட்டாரைக் கழற்றிப் பரப்பி, மாலைக்குள் மாட்டிவிட்டு இறங்கியவர். இன்று முழங்கை உயரம்கூட இல்லாத ஒரு ரொட்டி மெஷின் முன்னால் திருதிருவென்று விழித்தார்.

மனசு மெஷினில் இல்லை. காலையில் சட்டை தேடி அலமாரியைத் துழாவியபோது, அவளுடைய துணிகளுக்கு அடியில் ஒரு ஆஸ்பத்திரிக் கவர் இருந்தது. உள்ளே தலையை ஸ்கேன் எடுத்த படம். கூடவே ஒரு தாள். அதைப் பாதிதான் வெளியே இழுத்திருந்தார். போகப் போக அதிகமாகும், முழுசாகக் குணமாக்க வழியில்லை என்பது மட்டும் புரிந்தது. அவள் வரும் சத்தம் கேட்டதும் அப்படியே திணித்துவிட்டு வந்துவிட்டார்.

கேட்டுவிடலாம்தான். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளே.

“துடுப்பை மாட்டினீங்களா?”

“எந்தத் துடுப்பு?”

“மாவு பிசையறதுக்கு அடியில ஒண்ணு மாட்டணுமே. அது இல்லேன்னா மெஷின் சும்மா சுத்திக்கிட்டு நிக்கும்.”

போட்டதையெல்லாம் வேறு பாத்திரத்தில் கொட்டிவிட்டுத் துடுப்பை மாட்டினார். மறுபடியும் தண்ணீர், எண்ணெய், உப்பு, முழுக் கோதுமை மாவு, குழி, ஈஸ்ட்.

“லிஃப்ட்டுக்குக்கூட இவ்வளவு சட்டம் கிடையாது,” என்றார்.

அவள் சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அலமாரித் தட்டில் டப்பாக்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்தில் பெரிய எழுத்துச் சீட்டு: உப்பு, சர்க்கரை, காப்பித்தூள். அடுப்புக்கு மேலே ‘அணைச்சாச்சா?’ என்று ஒன்று. தான் போன பிறகு இந்த மனுஷன் தடுமாறக் கூடாது என்று எப்போது உட்கார்ந்து எழுதினாளோ.

மெஷின் உறுமிக்கொண்டு பிசைந்தது. மூடியைத் திறந்து பார்க்கச் சொன்னாள். மாவு பக்கவாட்டில் உதிர்ந்து கிடந்தது.

“வறண்டிருக்கு. கோதுமை தண்ணி நிறைய குடிக்கும். ஒரு ஸ்பூன் விடுங்க.”

விட்டார். கொஞ்ச நேரத்தில் மாவு திரண்டு உருண்டையாகச் சுற்ற ஆரம்பித்தது.

“உனக்குத் தலைவலி ஏதாவது இருக்கா?” என்று மெல்லக் கேட்டுப் பார்த்தார்.

“எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். மாவைப் பாருங்க.”

மெஷின் மாவைப் பிசைந்து பொங்கவைக்க ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. அவள் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்து, அவள் மூச்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு இளைத்துவிட்டாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் வேறு. இதையெல்லாம் இத்தனை நாள் பார்க்காமல் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று தன்னையே நொந்துகொண்டார்.

மெஷின் கூப்பிட்டதும் விழித்தாள். “இப்ப வெளியில எடுத்துப் பன்னிரண்டு துண்டு போடுங்க. ஒவ்வொண்ணையும் உள்ளங்கைக்குள்ள வச்சு...”

அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் உருட்டத் தொடங்கியிருந்தார். ஓரத்தை அடியில் இழுத்து மடக்கி, மேசைமேல் வைத்து ஒரு சுழற்று. அச்சில் வார்த்த மாதிரி பன்னிரண்டும் ஒரே அளவில் தட்டில் உட்கார்ந்தன. ஆயுசு முழுக்க இயந்திரத்தோடு பழகின கை, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டார்.

நிமிர்ந்து பார்த்தால் அவள் கண் கலங்கியிருந்தது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

துணி போட்டு மூடி அரை மணி நேரம் வைத்தார்கள். பிறகு ஓவன் அடுப்பில் இருபது நிமிஷம். வெளியே எடுத்தபோது பன்கள் பொன்னிறத்தில் உப்பி நின்றன. அவள் ஒன்றைப் பிட்டு, ஆவி பறக்க அவர் வாயில் வைத்தாள்.

“எப்படி இருக்கு?”

மென்று விழுங்கினார். அதற்கு மேல் அவரால் அடக்கிக்கொள்ள முடியவில்லை.

“எனக்கு எல்லாம் தெரியும்மா. காலையில அந்தக் கவரைப் பார்த்துட்டேன். நீ இல்லாமப் போனாலும் நான் ரெண்டு வாய் சாப்பிடணும்னுதானே, என்னைக்கும் இல்லாத திருநாளா இன்னைக்கு இங்க நிக்கவச்சுச் சொல்லித் தர்றே. ஏன் என்கிட்ட மறைச்சே?”

அவள் அவரையே பார்த்தாள். மாவு அப்பியிருந்த அவர் கைகளை எடுத்து, தன் மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

“அந்தப் படம் என்னோடது இல்லைங்க.”

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அப்பாடா. வயித்துல பாலை வார்த்தே. நாள் முழுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்ப யாரோடது?”

அவள் அவர் விரல்களை விடவில்லை.

“ஒரே வேலையைத் தினமும் விடாம செய்யவைங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கார்,” என்றாள் கடைசியில். “நீங்க இந்த பன் போடறது இன்னைக்குப் பதினோராவது நாளுங்க.”