பார்க்க வருகிறவர்களுக்கு ஆப்பிள் கிரிஸ்ப்

"ஓட்ஸுல வெண்ணெயை நல்லா உதுத்து விடுங்கப்பா. அப்பத்தான் மேல மொறுமொறுன்னு வரும்," என்றாள் ஆஷா.

ஆப்பிள் துண்டுகளின் மேல் அதைத் தூவினார் ஜெபக்குமார். "அவங்களுக்குப் பிடிக்கலைன்னா என்னம்மா செய்ய?"

"பிடிக்கும்ப்பா."

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த மருதம்மாள் எட்டிப் பார்த்தாள். "பட்டை வாசம் தூக்குதே! என்ன கண்ணு விசேசம்?"

"நாளைக்குப் பார்க்க வர்றாங்கம்மா. இன்னிக்கு ஒத்திகை."

"அதுக்கு உங்கப்பாரைப் போட்டு ஏன் வாட்டறே? கடையில வாங்கி வெச்சு, 'எங்க பொண்ணு செஞ்சது'ன்னு சொன்னாப் போச்சு. என்ற மகளுக்கு அப்பிடித்தான் கண்ணாலம் முடிச்சேன்!"

"பொய் சொல்லக் கூடாதும்மா. அப்பாதான் செய்யணும்."

"அதெப்படி? உன்னைப் பார்க்க வர்றவங்களுக்கு..."

"என்னை இல்லம்மா. எங்கம்மா இறந்து ஆறு வருஷமாச்சு. அடுத்த மாசம் நானும் வேலைக்குச் சென்னை போயிருவேன். நாளைக்கு ஸ்டெல்லா டீச்சர் பார்க்க வர்றது அப்பாவை."

ஜெபக்குமார் வெட்கப்பட்டு ஓவன் பக்கம் திரும்பிக்கொண்டார். மருதம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, சாயப்பட்டறையில ஊருத் துணிக்கெல்லாம் சாயம் போடறீங்க. அந்த மீசைக்குக் கொஞ்சம் போட்டா ஆகாதுங்களா?"