மரம் எந்தப் பக்கம்?

கிட்ட வந்து உக்காருங்க, கண்ணுகளா. மரத்தில் மோதி இறக்கை உடைந்த குட்டி ஜெட் விமானம் ஒன்று, ஒட்டின பசை காயட்டும் என்று மேசைமேல் கிடந்தது. இன்னொரு தடவை விழுந்தால் அதற்குக் குப்பைத்தொட்டிதான்.

அதை ஓட்டும் ரிமோட் பக்கத்தில் இருந்து திட்டியது. "மரம் இடப்பக்கம். உன்னை வலப்பக்கம்தானேடா திரும்பச் சொன்னேன்?"

"வலப்பக்கம்தான் அண்ணே திரும்பினேன். அங்கதான் மரம் நின்னுச்சு."

"அப்ப மரமா நடந்து வந்துச்சு?"

இரண்டுக்கும் தலை சுற்றியது.

சுவரிலிருந்த பல்லி கேட்டது. "ஜெட்டு அப்ப எங்க பாத்துப் பறந்துச்சு?"

"என் மூஞ்சிக்கு நேராத்தான் வந்தான்," என்றது ரிமோட்.

பல்லி இறங்கி வந்து, ரிமோட்டுக்கு எதிரே நின்று, தன் வலக்கையைத் தூக்கியது. "இது எந்தக் கை?"

"இடக்கை. இதுகூடத் தெரியாதா?"

பல்லி தூக்கின கையை இறக்காமல், முதுகைக் காட்டித் திரும்பி நின்றது. அதே கை இப்போது ரிமோட்டுக்கு வலப்பக்கம் இருந்தது.