இளகாத ரத்தம்

புருசன் சென்றாயன் குளிக்கப் போனதும் மாதம்மாள் அவருடைய சட்டைப் பையைத் துழாவினாள். பஸ் டிக்கெட்டும் சில்லறையும்தான் அகப்பட்டன. தலையணை உறைக்குள், கட்டிலுக்கு அடியில், முருங்கை மரத்தடியில்கூடத் தேடிவிட்டாள். அவர் துப்பிப்போட்ட மாத்திரை ஒன்றுகூடச் சிக்கவில்லை.

பெங்களூரில் அவருக்கு இதய வால்வு மாற்றியிருந்தார்கள். கூடப் போய்வந்தது அவருடைய தம்பி. ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை. மாதாமாதம் தர்மபுரியில் ரத்தப் பரிசோதனை.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆடி மழைக்குப் பிறகு ஒவ்வொரு முறையும், 'ரத்தம் போதுமான அளவு இளகலை' என்றே முடிவு வந்தது. டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார். வால்வில் ரத்தம் கட்டினால் உயிருக்கே ஆபத்து என்று நர்ஸ் சொன்னதிலிருந்து மாதம்மாளுக்குத் தூக்கமில்லை.

மனுசன் மாத்திரையை முழுங்குவதில்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னாள், காட்டினார். மாத்திரையே போலியாக இருக்குமோ என்று மருந்துக்கடையையும் மாற்றிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

அவள் தரப்பில் ஒரு குறையும் இல்லை. மழை பெய்த கடலைக்காட்டில் பண்ணைக்கீரை மண்டிக் கிடந்தது. மடி நிறையப் பறித்து வந்து, பூண்டு தட்டிப் போட்டுக் கடைந்து, களியோடு பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள்.

மகள் கல்யாணத்தில் தன் அண்ணனைச் சென்றாயன் பந்தியிலிருந்து எழுப்பி விட்டதற்காக, வருஷக்கணக்கில் புருசனோடு முகம் கொடுத்துப் பேசாதவள் அவள். அவருடைய நெஞ்சுத் தழும்பைப் பார்த்துப் பார்த்து ஒரு நாள் மனசு கேட்காமல், "கீரை கடைஞ்சிருக்கேன், ஊத்தட்டுங்களா?" என்று கேட்டாள். அதுதான் முதல் பேச்சு. அன்று அவர் தட்டை வழித்துத் தின்றார்.

இன்றைக்கு இண்டூரில் பஸ் ஏறியதிலிருந்தே சென்றாயன் சரியாக இல்லை. ஆஸ்பத்திரியில் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டதும், "நீ இங்கியே இரு, நான் மட்டும் போயிட்டு வந்துர்றேன்" என்றார். ஒவ்வொரு மாதமும் சொல்வதுதான். இந்த முறை மாதம்மாள் கேட்கவில்லை. முந்திக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

"இந்த மனுசன் எதையோ மறைக்கிறாருங்க டாக்டரம்மா. நீங்களே கேளுங்க!"

டாக்டரம்மா ரிசல்ட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இந்தத் தடவையும் இளகலை. சாப்பாட்டுக்கு என்னம்மா குடுக்கறீங்க?"

மாதம்மாளின் முகம் மலர்ந்தது. "களியும் பண்ணைக்கீரையுங்க. மருந்தடிக்காத காட்டுல தானா மொளைக்கறது. ஆன்டி ஆக்சிடன்ட் நெறைய இருக்காம், போன்ல சொன்னாங்க. ஒரு நாள் தவறாம கடையறேனுங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"நல்ல கீரைதாம்மா. ஆனா இந்த மாத்திரை சாப்பிடறவரு தினம் இவ்வளவு திங்கக் கூடாது. அதுல இருக்கற வைட்டமின் கே மாத்திரையை வேலை செய்யவே விடாது."

யார் யாரையோ சந்தேகப்பட்டவள், கெடுதலைத் தன் கையாலேயே அள்ளி அள்ளி ஊற்றியிருக்கிறாள்.

"எங்ககிட்ட யாருமே சொல்லலீங்களே!"

"வர்றப்பல்லாம் சொல்றனே! கீரையைத் தொடறதே இல்லீங்கன்னுல்ல இவரு சொல்லிட்டிருக்காரு?"

மாதம்மாள் மெல்லத் திரும்பினாள். சென்றாயன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குத் தெரியுங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரிஞ்சேவா தின்னீங்க?" அவள் குரல் உடைந்தது. "வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?"

தலை நிமிராமலே அவர் சொன்னார்:

"வேணாம்னா, நீ பழையபடி பேசாமப் போயிருவியோன்னுதான் புள்ள."