சிக்னல் பாறை

இந்த மலையூரில் செல்போன் சிக்னல் கிடைப்பது இந்தப் பாறைமேல் மட்டும்தான். எம்.எல்.ஏ. தீர்த்தகிரி போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நிற்கிறார். கட்சியின் வேட்பாளர் பட்டியல் இப்போது வெளியாகிறது. வழுக்குமென்று செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டார்; உள்ளங்கால் வெயிலில் பொரிகிறது. ஆனாலும் அசையப் பயம், அசைந்தால் இருக்கிற ஒரு கோடும் போய்விடும். போன் அடிக்கிறது. ஸ்பீக்கரில் உதவியாளரின் குரல் பதறுகிறது: "அண்ணே, லிஸ்ட் வந்துடுச்சி. நம்ம தொகுதிக்கு..." அத்தோடு அறுந்துபோகிறது. திரும்ப அழைத்தால் மணிகூடப் போகவில்லை. மகளோடு பேசத் தன் முறைக்குக் காத்திருக்கும் முத்தம்மா, பின்னாலிருந்து அமைதியாகச் சொல்கிறாள்: "அந்த மூலைக்குப் போங்க. டவர் கொண்டாறேன்னு போன எலெக்சன்ல நின்னு பேசினீங்களே, அங்கதாங்க கொஞ்சம் கெடைக்கும்."