கோடு போட்ட முத்திரை

நாகலெட்சுமி முதலில் திரும்பி வந்த கடிதத்தைத்தான் எடுத்து நீட்டினாள்.

"இதுக்குப் புது முத்திரை ஒட்டணுங்க மிஸ். பழசு ஒட்டினதால திருப்பி அனுப்பிட்டாங்க."

தபால் கந்தோர்க் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த லோஜினி அதை வாங்கிப் பார்த்தாள். உறையின் நாலு மூலையிலும் மஞ்சள். வலது மேல் மூலையில் முத்திரை மீதும் கொஞ்சம் ஏறியிருந்தது.

"கல்யாணக் கடிதமாம்மா?"

நாகலெட்சுமி இல்லையென்று தலையாட்டினாள். மகள் வினோதாவுக்கு எழுதும் கடிதமெல்லாம் அவளுக்கு நல்ல காரியம்தான். முத்திரையை ஒட்டியதும் மஞ்சளைக் குழைத்து நாலு மூலையிலும் தொட்டு வைப்பாள். பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, மகள் உண்டாகியிருக்கிறாள் என்று கேள்விப்பட்ட வருஷம் கூடுதலாக ஒன்று.

ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை.

கொழும்புக்கு வேலைக்குப் போன இடத்தில் வினோதா தன் இஷ்டத்துக்கு ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய படத்தைச் சுவரிலிருந்து கழற்றி அடுப்பில் போட்டார் அப்பா கணேசமூர்த்தி. எனக்கு மகளே இல்லை என்றார். அவளுடைய பழைய நம்பருக்கு அடித்தால் சிங்களத்தில் வேறு யாரோ பேசினார்கள். மிச்சமிருந்தது கூட வேலை செய்த ஒருத்தி எழுதிக் கொடுத்த விலாசம் மட்டும்தான்.

வாய்தான் அப்படியே தவிர, மனுஷனுக்கு மனசு இளகித்தான் போயிருந்தது. தேயிலைத் தோட்டத்துத் தபால் பையைச் சுமப்பது அவர் வேலை. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எவருக்கும் தனி விலாசம் கிடையாது. வருவதும் போவதும் அந்த ஒரே பையில்தான். நாகலெட்சுமி கடிதத்தை நீட்டினால் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். பிந்திய நாட்களில், சாயங்காலம் அவர் வீடு திரும்பும்போது அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒன்றும் வரவில்லை என்பார். அதைக்கூட மெதுவாகத்தான் சொல்வார். அதற்காகவே அவருடைய மற்ற முரட்டுத்தனத்தையெல்லாம் அவள் மன்னித்திருந்தாள்.

போன மாதம் அவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சும் நின்றுபோனது. அப்பாவை ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போ என்று எழுதி, முதல் தடவையாகத் தன் கையாலேயே கொண்டுவந்து பெட்டியில் போட்டாள். அந்தக் கடிதம்தான் திரும்பி வந்தது.

காரணம் அவளுக்குத் தெரியும். பவுடர் டின்னில் இருப்பது மாதிரிக் கோடுகோடாய்ப் போட்ட முத்திரைதான் இனிச் செல்லுமாம். பழையதைக் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொல்லி நோர்வூட் கடைத்தெருவில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அதனால்தான் இன்று காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல், கொழுந்துக் கூடையை மூலையில் சாய்த்துவிட்டு பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

லோஜினி உறையைத் திருப்பினாள். பின்பக்கம் சிவப்பு மையில் சிங்களத்தில் ஏதோ எழுதியிருந்தது.

"முத்திரைக்காகத் திரும்பலம்மா. அந்த வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களாம். எங்கன்னு தெரியாதாம்."

நாகலெட்சுமி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இனி எந்த ஊருக்கென்று எழுதுவாள்?

பெற்ற மனம் எதையாவது பிடித்துக்கொள்ளத்தானே பார்க்கும். முன்னே போட்டதெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்தாள். மகள் அந்த வீட்டில் இருந்தபோது போட்டவைதானே. கோபக்காரி, பதில் எழுதவில்லை. ஆனால் படித்திருப்பாள். அம்மா மறக்கவில்லை என்று தெரிந்துகொண்டுதான் எங்கேயோ இருக்கிறாள். அது போதும்.

வந்ததற்கு இதையாவது மாற்றிக்கொண்டு போகலாமென்று முந்தானையில் முடிந்திருந்த தகர டப்பாவை எடுத்துக் கவிழ்த்தாள். ஒரு கைப்பிடி பழைய முத்திரை. விடிகாலையில், வீட்டில் முத்திரை ஏதும் கிடக்கிறதா என்று தேடியபோது கணேசமூர்த்தியின் டிரங்குப் பெட்டிக்கு அடியில் அகப்பட்டது. கோணல் ஆணியைக்கூட வீசாமல் தட்டி நிமிர்த்தி வைக்கிற ஆள் அவர். முத்திரையையும் விட்டு வைக்கவில்லையே என்று அந்த நேரத்தில் அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

லோஜினி ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். இன்னொன்றையும் எடுத்துப் பார்த்தாள்.

"எல்லாம் உறையில ஒட்டி உரிச்சதும்மா. ஆனா சீல் விழல. ஒண்ணுகூட தபால்ல போகல போல. பரவால்ல, மாத்தித் தாரேன்."

எண்ணுவதற்காக முத்திரைகளை மேசையில் ஒரே பக்கமாகத் திருப்பி அடுக்கத் தொடங்கினாள். நாகலெட்சுமி பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஒவ்வொன்றிலும் வலது பக்க மேல் மூலை மஞ்சளாக இருந்தது.

லோஜினியும் அதைக் கண்டுவிட்டாள். பக்கத்தில் கிடந்த கடிதத்தை ஒருதரம் பார்த்தாள். பிறகு அடுக்குவதை நிறுத்திவிட்டாள்.

காலையில் டப்பாவை எடுத்தபோது, விளங்குகிற கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கணேசமூர்த்தி விடவே இல்லை. தொண்டைக்குள் ஏதோ சத்தம் போட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

தனியாக விட்டுப் போகிறாளே என்று பயப்படுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். மத்தியானத்துக்குள் வந்து கஞ்சி ஊட்டுகிறேன் என்று சொல்லி, விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, அவர் கண்ணைத் துடைத்து, நெற்றியில் திருநீறு பூசிவிட்டு வந்திருந்தாள்.