ஃபுல்பேருக்கு மட்டும் பாட்டில் தண்ணீர்

ஆறு பாட்டில் தண்ணீரை மேஜைமேல் வைத்தாள் ஏர்மான்ஸ். கடைக்குப் புதிதாக வந்திருந்த லூசெட் பில் போட்டபடி கேட்டாள்.

"வீட்ல எத்தனை பேரும்மா?"

"எனக்குக் குழாய்த் தண்ணியே போதும். இது எங்க வீட்டுக்காரருக்கு."

"அட! வாழைத்தோட்டத்துப் பூச்சிமருந்து கலந்த குழாய்த் தண்ணி உங்களுக்கு, பாட்டில் தண்ணி அவருக்கா? மகராசன்தான்!"

"அந்த மருந்தை இருபது வருஷம் வெறுங்கையால வாழைக்குத் தூவினவர்டி. ரத்தத்துலயே ஊறிப்போச்சு. இனி ஒரு சொட்டுகூட அவர்மேல படக்கூடாது."

"அப்ப குளிக்கிறதும் இதுலதானா? நல்லா செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க!"

ஏர்மான்ஸ் சிரிக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு மேட்டுத் தெருவில் ஏறினாள்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் காவலாளி குரல் கொடுத்தான்.

"நாளைக்குக் கல்லறைத் திருநாள். ஊரே இந்தக் குழாயிலதான் பிடிச்சுக் கல்லறையைக் கழுவுது. உங்களுக்கு மட்டும் என்னம்மா?"

அவள் உள்ளே நடந்தாள். கணவர் ஃபுல்பேரின் பெயர் பொறித்த கல்லின்மேல் ஒவ்வொரு பாட்டிலாகக் கவிழ்த்து, அழுக்குப் போகத் தேய்த்துக் கழுவினாள். ஆறும் காலியாயின.

வெயிலில் தொண்டை வறண்டது. வாசலுக்கு வந்து குழாயைத் திறந்தாள். இரண்டு கையாலும் ஏந்தி, வயிறு நிறையக் குடித்தாள்.